சதுப்புநில வேட்டையின் இன்பமும் நஞ்சராயன் குளத்தின் காவலும்

1. கேள்வி

திருப்பூருக்கு வடகிழக்கே, ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நல்லாறு கொண்டுவரும் மழைநீரை நம்பி அமைந்த, ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புள்ள ஆழமற்ற பாசனக் குளம் இது. பழுதுபட்டுக் கிடந்ததைச் சீர்செய்த நஞ்சராயன் என்ற அரசனின் பெயரால் வழங்குகிறது. 191 பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. தமிழக அரசு 2022இல் இதை மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக்கியது. ராம்சர் அறிவிப்பில் இதனுடன் இடம்பெற்ற மற்றொரு தமிழக ஈரநிலம் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி. மரக்காணத்தை ஒட்டி, கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்புகொண்டு, உப்புநீரும் நன்னீரும் கலக்கும் பெரிய கடலோரச் சதுப்பு அது. பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் அருகே உள்ள ஒரு குளமும் கடற்கரைச் சதுப்பும் ஒரே பட்டியலில் நிற்பதற்குக் காரணம் நீர்ப்பறவைகள்.

அந்தப் பட்டியலின் வரலாறு ஒரு சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று உருவான ஈரநில உடன்படிக்கை, தன் பெயரிலேயே நீர்ப்பறவைகளின் வாழிடத்தைத் தனித்துக் குறிப்பிடுகிறது. அதற்கு வழிவகுத்த முயற்சிகளில், 1962இல் தென்பிரான்சில் ஈரநிலங்களுக்காக நடந்த மார் மாநாடு தொடங்கிப் பத்தாண்டுப் பேச்சுவார்த்தைகள் வரை, பறவையியலாளர்களோடு வாத்து வேட்டையில் ஊறியவர்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே ஆளாக இருந்ததும் உண்டு. ஐரோப்பாவின் சதுப்புகளைப் பண்ணை நிலங்களாக வடித்தபோது முதலில் கவலைப்பட்டவர்களில் அங்கே வாத்து சுடப் போனவர்களும் அடக்கம். எனவே, ‘வேட்டையின் இன்பம்தான் ஈரநிலத்தைக் காத்தது’ என்ற வாதம் மேலைநாட்டு இயற்கைப் பாதுகாப்பு எழுத்தில் வலுவாக நிலைத்திருக்கிறது. தமிழ் நிலத்தின் சான்றுகளோடு இது பொருந்துகிறதா? பொருந்துமானால் அந்த இன்பத்தின் எந்தப் பகுதி காவலாக மாறியது? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

2. அந்த இன்பம் எதனால் ஆனது

வேட்டையை வெறுக்கும் வாசகர், அதில் இன்பம் என்பது கொல்வதில் கிடைக்கும் கிளர்ச்சி என்று எளிதாக முடித்துவிடுவார். கடலோரச் சதுப்பில் நடக்கும் வாத்து வேட்டையைப் பொறுத்தவரை அது பிழையான கணிப்பு. இங்கிலாந்தின் ஹம்பர், வாஷ் கழிமுகங்களிலும் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள சால்வே கரையிலும் நடக்கும் வேட்டை, பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆட்களைக் கொண்டு கிளப்பிச் சுடும் பிரபுக்களின் பொழுதுபோக்கிலிருந்து வேறுபட்டது. வேட்டைக்காரர் பெரும்பாலும் தனியாள். விடியலுக்கு முன் இருட்டில் சேற்றில் நடந்து போய், ஓடைப் பள்ளம் ஒன்றில் ஒடுங்கிக் காத்திருப்பார். வாத்துகள் இரவில் மேயும் இடத்துக்கும் பகலில் தங்கும் இடத்துக்கும் இடையே பறக்கும் அரைமணி நேரமே அவருக்கு வாய்ப்பு. அதற்கு ஓதம் ஏறும் நேரம், காற்றின் திசை, நிலவின் வளர்பிறை தேய்பிறை, முந்தைய வாரத்துப் பனி எல்லாமே கணக்கில் வர வேண்டும். ஓதத்தின் கணக்குத் தப்பினால் உயிருக்கே ஆபத்து. பல விடியல்களில் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

இந்த இன்பத்தைப் பிரித்துப் பார்த்தால் நான்கைந்து இழைகள் தெரிகின்றன. நிலத்தைப் பற்றிய நுட்பமான அறிவு ஒன்று. சிறகொலியைக் கேட்டே இனத்தைச் சொல்லும் புலன்கூர்மை மற்றொன்று. வருமா வராதா என்ற நிச்சயமின்மை, தனிமை, சுட்டதைச் சமைத்து உண்ணும் நிறைவு ஆகியவை பிற. சுடுதல் இவற்றின் நடுவே ஒரு நொடி. 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைக் காப்பகத்தைத் தொடங்கிய பீட்டர் ஸ்காட் இளமையில் தீவிரமான வாத்து வேட்டைக்காரர். பின்னர் துப்பாக்கியைக் கைவிட்டார், சதுப்பைக் கைவிடவில்லை. முதல் நான்கு இழைகளும் அப்படியே இருக்க, ஓர் இழை மட்டும் கழன்றுகொண்டது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இந்த நுட்பங்கள் தமிழுக்கும் புதியவை அல்ல. பழக்கிய பறவையைக் கட்டிவைத்து அதன் இனத்தை ஈர்க்கும் ‘பார்வை’ வேட்டை நற்றிணைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இன்று ஐரோப்பிய வேட்டைக்காரர் சதுப்பில் மிதக்கவிடும் மரவாத்து செய்வதும் அதே வேலைதான். நெய்தல் பாடல்களில் பெண்கள் மீனுணங்கல் காத்துப் புள்ளோட்டுகிறார்கள். பறவையைப் பிடிப்பவரும் விரட்டுபவரும் வியப்பவரும் ஒரே கரையில் வாழ்ந்த இலக்கியம் நம்முடையது. அங்கே வேட்டை ஒரு பிழைப்பு. அதைத் தனியான பொழுதுபோக்காகப் பிரித்தெடுத்தது பிற்காலம்.

3. எண்ணிக்கையின் இன்பம்

இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சியோடு வந்த வாத்து வேட்டை, மேலே சொன்ன சேற்றுத் தனிமையிலிருந்து விரைவிலேயே விலகியது. அறிவு பெருகியது என்பதை மறுக்க முடியாது. பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷல் என்பவரோடு சேர்ந்து 1879 முதல் 1881 வரை இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகளைப் பற்றி வெளியிட்ட மூன்று தொகுதிகள் நம் வாத்தினங்களைப் பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்று. சுடுபவர்களின் குறிப்பேடுகள் இல்லாமல் அவை உருவாகியிருக்காது. சாலிம் அலியும் சிறுவனாகக் காற்றுத்துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்ட நிகழ்ச்சியிலிருந்துதான் பறவையியலுக்குள் வந்தார்.

ஆனால் வேட்டையின் நடைமுறை எப்படி மாறியது என்பதைப் பரத்பூர் காட்டுகிறது. ராஜஸ்தானின் அந்தச் சமஸ்தானத்தில், தாழ்வான நிலத்துக்குக் கால்வாயில் நீர் கொண்டுவந்து கரைகட்டி, வாத்து வேட்டைக்கென்றே ஒரு சதுப்பை உருவாக்கினார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அங்கே காத்திருத்தலுக்கோ நிச்சயமின்மைக்கோ இடமில்லை. விருந்தினர் மறைவிடத்தில் நிற்பார், பறவைகளை ஆட்கள் கலைத்துவிடுவார்கள், விழுந்தவற்றைப் பொறுக்கிவந்து எண்ணுவார்கள். எண்ணிக்கை கல்லில் பொறிக்கப்பட்டது. சதுப்புவேட்டையின் இன்பம் என்று நாம் பிரித்த இழைகளில் கொலை மட்டும் பெருத்து மற்றவை மெலிந்துபோன நிலை இது.

இருந்தும் வேட்டைக்காரர் தரப்பு இதையே தமக்கு ஆதரவாகக் காட்டும்: அந்த வேட்டை இல்லையேல் பரத்பூர்ச் சதுப்பே இல்லை, 1981இல் இந்தியா ராம்சர் பட்டியலில் முதலில் சேர்த்த இரண்டு இடங்களுள் அது ஒன்றாக இருந்திருக்காது. இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சதுப்பைக் காத்தது மன்னரின் தனியுரிமை. மன்னராட்சி போனபின், 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கி, சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடை விதித்தபோது மோதல் மூண்டது. 1982இல் காவல்துறை சுட்டதில் கிராமத்தார் சிலர் இறந்தனர். மேய்ச்சல் நின்றபின் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. எருமை மேய்ச்சல் சதுப்புக்கு நன்மையே செய்திருக்கிறது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு பின்னர் சொன்னது. ஒருவரின் இன்பத்துக்காக மற்றவரை விலக்கிய காவல், அந்த இன்பம் சட்டத்தால் முடிந்தபிறகும் விலக்கும் பழக்கத்தை விட்டுச்செல்கிறது. நீலகிரியில் 1879இல் வந்த வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்: உரிமம் பெற்றவர் சுடலாம், கண்ணி வைத்துப் பிழைப்பவர் குற்றவாளி.

4. வேடந்தாங்கல் சொல்லும் வேறு கதை

தமிழகத்தின் மிகப் பழைய சான்று இந்த வரிசைக்கு நேர் எதிராக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஏரியில் கூடுகட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். அவர் எழுதிக்கொடுத்த கவுல் என்னும் உரிமைப் பத்திரம், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு அளித்தது. 1858இல் ஊரார் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். எச்சம் கலந்த ஏரி நீர் நெல்வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. துப்பாக்கியின் இன்பம் சதுப்பைக் காக்கவில்லை. துப்பாக்கியின் இன்பத்துக்கு எதிராக ஆயக்கட்டுக்காரர்கள் காத்தார்கள்.

இதை வைத்து, ‘மேற்கில் இன்பம் காத்தது, இங்கே பயன்பாடு காத்தது’ என்று கோடு கிழிக்க ஆசை வரும். அந்தக் கோடு நிற்காது. ரசாயன உரம் வந்தபின் பறவை எச்சத்தின் பொருளாதார மதிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஊரின் காவல் ஓயவில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிப் பகுதியிலும், திருப்பூரை அடுத்த ஈரோடு மாவட்டத்து வெள்ளோட்டிலும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் உள்ளன. பட்டாசைத் துறக்கும் பிள்ளைகளுக்கு அதில் உரக்கணக்கு ஏதும் இல்லை. பறவைகள் தம் ஊருக்கு வருகின்றன என்ற பெருமிதம், அவை வரும் நாளைக் கவனித்துச் சொல்வதில் உள்ள மகிழ்ச்சி, கூட்டில் குஞ்சு பொரிந்ததைப் பேசிக்கொள்ளும் வழக்கம்: இவையும் இன்பமே. சதுப்புவேட்டையில் நாம் பிரித்தறிந்த அறிவும் காத்திருப்பும் வருகையின் நிச்சயமின்மையும் இங்கே அப்படியே இருக்கின்றன.

ஆக, இரு நிலங்களிலும் காவலாக மாறியது ஒரே பண்புதான்: குறிப்பிட்ட ஓர் ஈரநிலத்தின் நீரையும் பருவத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஈடுபாடு. ஹம்பர் கரையில் அதற்குத் துப்பாக்கி ஒரு நுழைவாயிலாக இருந்தது, வேடந்தாங்கலில் ஏர். ஆனால் ஈடுபாடு மட்டும் போதவில்லை என்பதும் இரு இடங்களிலும் தெரிகிறது. பிரிட்டனில் 1908இல் ஸ்டான்லி டங்கன் தொடங்கிய வேட்டைக்காரர் சங்கமும் அதன் வழிவந்த ஊர்க் கழகங்களும் கரைப்பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்து, தமக்குள் விதி வகுத்து நடத்தின. வேடந்தாங்கலுக்குக் கவுல் இருந்தது. எழுத்தில் ஓர் உரிமையும் அதற்கேற்ற பொறுப்பும் சேர்ந்தபோதுதான் ஈடுபாடு காவலாயிற்று.

5. கண்ணி வைத்தவர்கள்

தமிழகக் கடலோரத்தில் பறவை வேட்டை என்றால் இன்று நினைவுக்கு வருபவர் சீமானல்ல, நரிக்குறவர். நாட்டுத் துப்பாக்கி, உண்டிவில், கண்ணி, வலை ஆகியவற்றோடு பழவேற்காடு முதல் கோடியக்கரை வரையிலான உப்புநிலங்களை அவர்களைப்போல் அறிந்தவர் சிலரே. கொக்கு, மடையான், சிறகி இவற்றுக்கு வாங்குவோர் இருந்தார்கள். விற்றவர் மட்டும் பிடிபட்டார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு கூடிய வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதை அடியோடு நீக்கியது. பொழுதுபோக்காகச் சுட்டவர் ஒரு பொழுதுபோக்கை இழந்தார். பிடித்துப் பிழைத்தவர் பிழைப்பை இழந்தார். நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கு 2023 வரை ஆயிற்று.

பறவையைக் கொல்லாமலே பிடிப்பவரின் அறிவைப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் வலசை ஆய்வைத் தொடங்கியபோது, காலில் வளையமிடப் பறவைகளைக் காயமின்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பீகாரிலிருந்து பரம்பரைப் பறவை பிடிப்போரான மிர்ஷிகார்களை அழைத்துவந்தார்கள். கோடியக்கரையின் சேற்றுப்பரப்பில் உள்ளான்களுக்கு வலை விரித்து, வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டதில் அவர்களின் கை உண்டு. வேட்டையின் திறன் முழுவதும் அதில் இருந்தது: தடம் பார்ப்பது, குரலெழுப்பி அழைப்பது, மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பது. முடிவில் பறவை மட்டும் உயிரோடு போயிற்று. கொலை நீங்கினால் வேட்டை அறிவு வாடிவிடும் என்பாருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

6. நஞ்சராயன் குளத்துக்கு வருவோம்

திருப்பூர்க் குளத்தில் பிரச்சினை துப்பாக்கி அல்ல; நீர். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கதை தமிழகம் அறிந்தது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையைக் கண்டிப்பாகச் செயல்படுத்தும் நிலை வந்தது. நல்லாறும் ஊரின் கழிவைச் சுமந்துதான் நஞ்சராயன் குளத்துக்கு வருகிறது. ஊர் வளர்ந்த வேகத்தில் பாசனக் குளம் என்ற பழைய பிடிப்பு தளர்ந்தது. வேடந்தாங்கலின் ஏரைப்போல இக்குளத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய விவசாயச் சமூகம் இனி உருவாகப்போவதில்லை. இங்கே குளத்தைச் சரணாலய நிலைக்குக் கொண்டுவந்ததில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, பட்டியலிட்டு வந்த உள்ளூர் ஆர்வலர்களின் பங்கு பெரிது. 191 என்ற எண் அத்தகைய பல காலைகளின் கூட்டுத்தொகை. பரத்பூர்க் கல்லில் பொறித்த எண்ணோடு இதை ஒப்பிட்டால், எண்ணும் இன்பம் எதுவாகவெல்லாம் மாற முடியும் என்பது விளங்கும்.

இங்கே ஒரு வர்க்கக் கேள்வி உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. பிரிட்டனின் கரைவேட்டை பெருமளவு சாமானியரின் இன்பமாக இருந்ததால்தான் அங்கே சதுப்புக்கு ஊர்தோறும் காவலர் கிடைத்தனர். திருப்பூரில் தையல் பொறியின் முன் பன்னிரண்டு மணிநேரம் அமர்பவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்பவருக்கு அந்த ஞாயிற்றைக் கழிக்க இடமில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையிலிருந்து வந்த இளைஞர் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் சிறுவயதிலேயே அறிந்தவராக இருக்கலாம். விலையுயர்ந்த தொலைநோக்கியும் கேமராவும் உள்ளவருக்கு மட்டும் உரிய இன்பமாக இக்குளம் சுருங்கினால், மன்னரின் தனியுரிமை வேறு உருவில் திரும்பியதாகவே பொருள்.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. வேட்டைக்காரர் கட்டணம் செலுத்துகிறார், பார்ப்பவர் செலுத்துவதில்லை. அமெரிக்காவில் 1934 முதல் வாத்து வேட்டைக்கு வாங்கியாக வேண்டிய முத்திரைவில்லை மூலம் பல லட்சம் ஏக்கர் ஈரநிலம் காக்கப்பட்டிருக்கிறது. இது மெய், மதிக்கத்தக்க சாதனை. ஆனால் அந்த வழிமுறை, மக்கள் நெருக்கம் குறைந்த பெருநிலத்தையும் அளந்து சுடவைக்கும் கண்காணிப்பையும் முன்நிபந்தனையாகக் கொண்டிருக்கிறது. 126 ஹெக்டேர் குளத்தில், வீடுகளுக்கு நடுவே, எத்தனை உரிமம் தர முடியும்? தவிர, அதே வேட்டை ஈரநிலத்தில் விட்டுச்சென்ற ஈயக்குண்டுகளை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறி மடிந்தன. அமெரிக்கா 1991இல் நாடெங்கும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. சாயக்கழிவின் உலோகங்களோடு ஏற்கெனவே போராடும் நொய்யல் படுகையில் இன்னொரு நஞ்சுக்கு இடமில்லை. பணம் வேண்டுமெனில், குளத்தின் நீரைக் கெடுத்த தொழிலிடம் கேட்பதே நியாயம்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ கஸெத் 1940களில் எழுதிய வேட்டை பற்றிய நூலில், கொலைக்குரிய சாத்தியம் இல்லாத வேட்டை வெறும் நாடகம் என்ற வகையில் வாதிட்டார். பார்ப்பவன் நிலத்துக்கு வெளியே நிற்கிறான். வேட்டைக்காரனே அதற்குள் நுழைகிறான் என்பது இதன் சாரம். கேமராவோடு கூட்டை நெருங்கிப் பறவையைக் கலைத்து, படம் கிடைத்ததும் கிளம்பிவிடும் சிலரைப் பார்க்கும்போது, இவ்வாதம் முற்றிலும் தவறென்று சொல்ல முடியவில்லை. ஆனால் நிலத்துக்குள் நுழைவது உடலின் ஈடுபாட்டாலும் பொறுப்பாலும் நிகழ்கிறது. சேற்றில் கிடந்து வலைவீசிய மிர்ஷிகார் வெளியே நிற்கவில்லை. மதகைத் திறந்து மூடும் குளத்துக்காவலரும் வெளியே நிற்பதில்லை.

மூன்றாவதாக, ஒரு குளத்தில் சுடாமலிருப்பதால் என்ன பயன், இதே வாத்துகளை மத்திய ஆசியாவிலும் ரஷ்யாவிலும் சுடுகிறார்களே என்பர். வலசைப் பாதையின் தென்முனையில் அவை உண்டு கொழுத்துத் திரும்பும் ஐந்தாறு மாதங்கள் அடுத்த இனப்பெருக்கத்தையும் பாதிக்கின்றன. வடக்கில் சுடும் நாடுகளிடம் வரம்பு கேட்கும் தகுதியும் இங்கே நீரை நல்லபடியாக வைத்திருப்பவருக்கே வரும்.

எனவே நஞ்சராயன் குளத்துக்கு இன்று தேவைப்படுவது வேடந்தாங்கலின் கவுலைப் போன்ற ஓர் ஆவணம். ஆயக்கட்டுக்காரர், மீன் குத்தகை எடுப்போர், பறவை ஆர்வலர், பனியன் கம்பெனித் தொழிலாளர், பறவை பிடித்துப் பழகிய நரிக்குறவக் குடும்பங்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். யார் எந்த மாதத்தில் எந்தக் கரையில் நடக்கலாம், குளத்து நீர்மட்டத்தை யார் முடிவுசெய்வது, காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் யாருக்கு ஊதியம் என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசிக்கு முன்பே, நல்லாறு குளத்தில் சேரும் இடத்து நீரைச் சோதித்து, அதன் முடிவை மாதந்தோறும் கரையிலேயே தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிப் போட வேண்டும்.